குரங்குக்குப் பேச வராதது தொண்டையாலா, மூளையாலா?

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கச்சான் தோட்டத்தில் ஒரு குரங்கு குரல் கொடுத்தால் முழுக் கூட்டமும் வந்து இறங்குகிறதே, அது பேச்சுத்தானே என்று கேட்டிருந்தீர்கள்.

தகவல் இருக்கிறது, பேச்சு என்று சொல்லமாட்டேன். பொலன்னறுவையில் இதே இனக் குரங்குகளை ஆராய்ந்த வொல்ஃப்காங் டிட்டஸ், நிறையத் தீனி அகப்பட்டால் அவை எழுப்பும் தனிக் குரலை 1984இல் விவரித்தார். கென்யாவின் வேர்வெட் குரங்குகள் ஒரு படி மேல். சிறுத்தை, கழுகு, பாம்பு மூன்றுக்கும் வேறு வேறு எச்சரிக்கை. பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டபோதும் சிறுத்தைக் குரலுக்கு மரமேறின, கழுகுக்கு அண்ணாந்தன, பாம்புக்குக் கீழே புல்லைப் பார்த்தன. ஆனால் ‘நேற்றுச் சிறுத்தை வந்தது’ என்று எந்தக் குரங்கும் சொல்லாது.

தொண்டையைக் குறை சொல்வது பழைய கதை. 2016இல் மக்காக் குரங்கின் (உங்கள் தோட்டத்துக் குரங்கும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்) வாய், தொண்டை அசைவுகளை எக்ஸ்-ரே வீடியோவாக எடுத்துக் கணினியில் கணித்தார்கள். விளங்கக்கூடிய பேச்சுக்கு அந்த அமைப்பே போதுமாம்! குறைவது மூளையின் பிடிதான். மனிதரில் மூளைப் புறணியிலிருந்து, அதாவது மூளையின் வெளி அடுக்கிலிருந்து, குரல்வளையை இயக்கும் நரம்பணுக்களுக்கு நேரடி இணைப்பு உண்டு. குரங்கில் அது மிகச் சொற்பம். அப்படியென்றாலும், தீனி கொடுத்துப் பழக்கினால் சைகை காட்டும்போது கத்தும். புதுச் சத்தம் படிப்பதுதான் அதற்குச் சரிவராது.