கோட்டில் ஒற்றைப் பூ

கேள்வி: தஞ்சாவூரில் அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷனுக்குக் கருநீலத்தில் கோட் சூட் தைத்திருக்கிறேன். காலரில் பூ குத்திக்கொள்ள ஆசை. ஆனால் அலங்காரக்காரர் காட்டிய மாதிரியில் ரோஜா, ரிப்பன், பாசிமணி எல்லாம் சேர்ந்து ஒரு கொத்தாக இருக்கிறது. சித்தப்பாவோ, 'ஆம்பளைக்கு எதுக்குப் பூ?' என்கிறார். எந்தப் பக்கம், எந்தப் பூ?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: தாராளமாகக் குத்திக்கொள்ளுங்கள். மறுநாள் முகூர்த்தத்தில் கழுத்து நிறைய மாலையோடு உட்காரப்போவதும் நீங்கள்தான் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள், சமாதானமாகிவிடுவார்.

இடது பக்கம்தான். ஆண்கள் கோட்டில் இடப்பக்கத் துணி மேலே வந்து மூடும் என்பதால் காஜா எல்லாம் அந்தப் பக்கமே இருக்கும். குளிர் நாடுகளில் அந்தக் காலத்தில் காலரைத் தூக்கிக் கழுத்து வரைக்கும் பட்டன் போட்டார்கள், அப்புறம் காலரை மடித்துப் போடும் பழக்கம் வந்தபோது மேல் காஜா மட்டும் வேலையில்லாமல் நின்றுவிட, பூ அங்கே வந்து உட்கார்ந்தது. உங்கள் கோட்டில் அந்தக் காஜா திறந்திருக்கிறதா, இல்லை பேருக்கு நூல் மட்டும் ஓடியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூடியிருந்தால் தைத்த டெய்லரிடமே கொடுத்துத் திறந்து, காலரின் பின்பக்கம் கொஞ்சம் கீழே நூலால் ஒரு வளையமும் போடச் சொல்லுங்கள். காம்பு காஜாவுக்குள் நுழைந்து அந்த வளையத்தில் நின்றுகொள்ளும், ஊக்கே தேவைப்படாது. வாடகைக் கோட் என்றால் கத்திரி வைக்க வேண்டாம், பின்னாலிருந்து குண்டூசி குத்தினால் போதும்.

கொத்து வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு பூ. நந்தியாவட்டை வெள்ளையாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் காம்பை ஒடித்தால் பால் வடியும், கோட்டில் கறை விழும். பன்னீர் ரோஜா நாலு பேர் கட்டிப்பிடித்தால் இதழ் உதிர்ந்துவிடும். கார்னேஷன் நல்ல பூ, இங்கிலாந்துக்காரர்கள் காலங்காலமாகக் குத்திக்கொள்வது. நீலகிரிப் பக்கம் விளைகிறது, பொக்கே கடையில் சொல்லிவைத்தால் கிடைக்கும்.

என்னைக் கேட்டால் வாடாமல்லி. கதம்பத்தில் வைத்துக் கட்டுகிறோமே, அதேதான். கருநீலத் துணியில் அந்த ஊதா நிறம் அப்படி எடுக்கும்! காகிதம் மாதிரி மொடமொடப்பான பூ என்பதால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் மேடை விளக்குச் சூட்டுக்கும் அசையாது. பூவுக்கு அடியிலேயே இரண்டு சின்ன இலை ஒட்டியிருக்கும், அதை மட்டும் கிள்ளாதீர்கள், வேறு பச்சை எதுவும் வேண்டாம். ஒரு விஷயம், கடையில் பெரும்பாலும் காம்பில்லாமல் தலையை மட்டும் குவித்து விற்பார்கள். பூக்காரத் தெருவில் முந்தின நாளே சொல்லி, இரண்டு விரற்கடைக் காம்போடு நாலைந்து வாங்கி வையுங்கள். காம்பு ஈரத்தைத் துடைத்துவிட்டுச் செருகுங்கள்.

ரிசப்ஷனில் மாலை போடுவார்கள், அதற்கு அடியில் எந்தப் பூவும் நசுங்கிப்போகும். மாலையைக் கழற்றிய பிறகு குத்திக்கொண்டு படம் எடுங்கள். பாக்கெட்டில் கலர் கைக்குட்டையும் வைக்காதீர்கள், வெள்ளை போதும்.

கேள்வி: என் மகன் கோட் வேண்டாம், ஷெர்வானிதான் என்கிறான். அதற்கு மடிப்புக் காலரே இல்லையே, பூவை எங்கே குத்துவது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நேரு படங்களைப் பாருங்கள். நெஞ்சுக்கு நேராக உள்ள பட்டன் காஜாவிலேயே ரோஜாவைச் செருகியிருப்பார். சிவப்பு ரோஜா, பாதி விரிந்தது. ஜரிகை வேலைப்பாடு நிறைய இருக்கிற ஷெர்வானி என்றால் பூவே வேண்டாம் அம்மா, கண்ணுக்குத் தெரியாது.