இரவு ஒன்றரைக்கு எழுகிறவர் எப்போது தூங்குவது? வாசகர் கேள்வியும் டாக்டர் பதிலும்

பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது வருடத்துக்கும் மேலாக கிளினிக் வைத்திருக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மருந்து பற்றியவை அல்ல. தூக்கம், நடை, சாப்பாடு, மனசு என்று அன்றாடம் சம்பந்தப்பட்டவை. காலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள், தியானம் செய்யுங்கள், பழம் சாப்பிடுங்கள் என்று எல்லோருக்கும் ஒரே அட்டவணையை எழுதிக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐந்து மணிக்குள் பாதி வேலையை முடித்துவிடுகிற மக்கள் வாழும் பகுதி இது. அதனால் கேட்டவருடைய வேலை நேரத்தை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

“டாக்டரம்மா, நான் காசிமேட்டுல ஏலத்துல மீன் எடுத்து மார்க்கெட்ல விக்கிறேன். ராத்திரி ஒன்றரைக்கு எழுந்திரிக்கணும். படுக்கப் பத்தரை, பதினொண்ணு ஆயிடுது. எப்பப் பார்த்தாலும் தலைவலி, புள்ளைங்க மேல எரிஞ்சு விழுறேன். ஒரு நாளைக்கு எட்டு டீ குடிச்சாதான் வண்டி ஓடுது.” – 43 வயது வாசகி, காசிமேடு

அம்மா, உங்களுக்கு இரவில் கிடைப்பது மூன்று மணி நேரத் தூக்கம். வளர்ந்த மனிதருக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தலைவலிக்கும் கோபத்துக்கும் வேறு காரணம் தேடும் முன் இதைச் சரிசெய்ய வேண்டும்.

ஏழு மணி நேரமும் ஒரே மூச்சில் கிடைக்காது, தெரியும். இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரவு எட்டரைக்குப் படுத்தால் ஒன்றரைக்குள் ஐந்து மணி நேரம். மார்க்கெட்டிலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்டபின், பன்னிரண்டு மணி வாக்கில் இரண்டு மணி நேரம். மூன்று மணிக்கு மேல் பகலில் தூங்க வேண்டாம், அது இரவுத் தூக்கத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பகலில் படுக்கும்போது ஜன்னலுக்கு அடர்நிறத் துணியை இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள். வெளிச்சம் கண்ணில் பட்டால் மூளை இன்னும் பகல்தான் என்று விழித்துக்கொண்டே இருக்கும்.

எட்டரைக்கு எப்படிப் படுப்பது, ராத்திரி சோறு யார் வடிப்பது என்று கேட்பீர்கள். பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு வேலைக்குப் போகிறவர் இரவு ஒன்பது மணிக்கு அடுப்படியில் நிற்கக் கூடாது. வீட்டில் வளர்ந்த பிள்ளையோ கணவரோ இருந்தால் இரவுச் சமையல் அவர்கள் பொறுப்பு. இந்தப் பதிலை அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து இது என்று சொல்லுங்கள்.

அடுத்து டீ. கடை டீ ஒன்றில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால், எட்டு டீக்குப் பதினாறு ஸ்பூன், ஏறக்குறைய 64 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் மேல்வரம்பே 50 கிராம்தான், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. டீயில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஏலம் முடிந்து ஒன்று, வியாபாரத்துக்கு நடுவே ஒன்று, காலை பத்து மணிக்குள் கடைசி டீ. எட்டிலிருந்து மூன்றுக்கு ஒரே நாளில் இறங்காதீர்கள், தலைவலி கூடிவிடும். இரண்டு நாளைக்கு ஒரு டீ வீதம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உணவில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். என்னிடம் வரும் மீன்காரப் பெண்களின் கீழ்க்கண் இமையை இழுத்துப் பார்ப்பேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம், கழுவி வைத்த மீன் செவுள் போல வெளுத்திருக்கும். செவுளைப் பார்த்து மீன் புதுசா பழசா என்று சொல்லும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் மாத்திரை வேண்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்ப்பார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை குறையும். அந்த 61 நாளும் டிவி முன்னால் நள்ளிரவு வரை உட்காராமல் உடம்புக்குக் கொடுங்கள்.

“எனக்கு பி.பி. இருக்கிறது. தினமும் நடக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் ரோட்டில் இறங்கினால் கன்டெய்னர் லாரியும் புழுதியும்தான். இந்தக் காற்றில் நடப்பதைவிட வீட்டிலேயே இருப்பது மேல் இல்லையா?” – 52 வயது வாசகர், திருவொற்றியூர்

உங்கள் பயம் நியாயமானது. மணலி, எண்ணூர் பக்கத்துக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த பிள்ளைகளின் இருமலை நான் தினமும் கேட்கிறேன். டீசல் புகையில் இருக்கும் நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை இறங்கும். அவை ரத்தக்குழாய்க்கும் கேடு செய்பவை. ஆனால் அதற்காக உட்கார்ந்துவிட்டால் பி.பி.யும் சர்க்கரையும் இரண்டு பக்கமும் ஏறும். எப்போது நடப்பது, எங்கே நடப்பது என்று யோசியுங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையை விட்டு இரண்டு மூன்று தெரு உள்ளே போனாலே புகை நன்றாகக் குறையும். தியாகராஜ சுவாமி கோயில் மாட வீதிகளைச் சுற்றுங்கள், பக்கத்துப் பள்ளி மைதானம் திறந்திருந்தால் அங்கே போங்கள். கடற்காற்று வீசும் மாலை நேரம் பல நாட்களில் காலையைவிட நன்றாக இருக்கும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை நடையைத் தள்ளிப் போடச் சொல்வேன். அந்தக் குளிரில் தரையோடு தரையாகப் புகை தேங்கி நிற்கும், வெயில் ஏறினால்தான் கலையும். போகி அன்று காலை வெளியே போகவே வேண்டாம்.

வாய்க்குக் கட்டும் கைக்குட்டை புழுதியைத் தடுக்கும், புகையைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் தடுக்கும், ஆனால் வேகமாக நடக்கும்போது அதைப் போட்டுக்கொள்வது சிரமம். பெரிய ரோட்டைக் கடக்கும் வரை போட்டிருந்து, உள்தெருவில் கழற்றிவிடலாம்.

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது கணக்கு. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் செல்லும். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு. நெஞ்சில் பாரமோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ வந்தால் அப்படியே நின்று 108-ஐ அழைக்க வேண்டும்.

“காலையில் வெறும் வயிற்றில் வெந்நீர், எலுமிச்சை, தேன் குடித்தால் தொப்பை குறையுமா?” – வாசகி, பெரம்பூர்

குறையாது. பிடித்தால் குடியுங்கள். தேனும் சர்க்கரைக் கணக்கில்தான் வரும்.

“அம்மாவுக்கு சுகர். சோறு வேண்டாம்னு மூணு வேளையும் கேழ்வரகுக் கூழ்தான் குடிக்கிறாங்க, தொட்டுக்க கருவாடு. அப்படியும் சுகர் இறங்கல. ஏன்?” – வாசகர், கொருக்குப்பேட்டை

கேழ்வரகு நல்ல தானியம். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் இருப்பது அதில் சிறு பங்குதான். ஆனால் நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் காய்ச்சிக் குடித்தால் மெல்லாமலேயே உள்ளே போய்விடும், சர்க்கரையும் வேகமாக ஏறும். கூழில் கொஞ்சம் சோறும் போட்டுப் பிசைவது நம் வழக்கம், சொம்பு நிறையக் குடிக்கும்போது எவ்வளவு மாவு என்பதும் தெரியாது.

காலையில் ஒரு டம்ளர் கூழோடு நிறுத்துங்கள். மற்ற வேளைக்குக் களியாகவோ அடையாகவோ செய்து கொடுங்கள், கூட அதே அளவு கீரை, ஒரு கிண்ணம் பருப்பு அல்லது மீன் குழம்பு. தட்டில் பாதி காய் இருக்கட்டும். சாப்பிட்டவுடன் பத்து, பதினைந்து நிமிடம் மாடியிலோ வராந்தாவிலோ நடக்கட்டும். வேலை செய்யும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை நேராக இழுத்துக்கொள்ளும். இரண்டே வாரத்தில் சாப்பிட்ட பிறகு பார்க்கும் சர்க்கரையில் வித்தியாசம் தெரிந்தவர்கள் என்னிடம் நிறைய.

கருவாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். மூன்று வேளையும் கருவாடு என்றால் அந்தக் கணக்கு எங்கேயோ போய்விடும். வாரத்துக்கு ஒரு நாள் போதும், அதுவும் வெந்நீரில் ஊற வைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு. மற்ற நாள் நெத்திலி வாங்குங்கள். முள்ளோடு சாப்பிடும் மீன், எலும்புக்கும் நல்லது. அம்மாவின் பி.பி.யையும் பாருங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பதிவு செய்துவிடுங்கள்.

“போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பத்து நாளாக ராத்திரியில் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை விறைக்கிறது, செத்துவிடுவேனோ என்று தோன்றுகிறது. ஈசிஜி எடுத்தேன், நார்மல். வீட்டில் நடிக்கிறான் என்கிறார்கள்.” – 24 வயது வாசகர், வியாசர்பாடி

தம்பி, நீங்கள் நடிக்கவில்லை. நீங்கள் சொல்வது பீதித் தாக்கு போலத்தான் தெரிகிறது. புலி துரத்தினால் உடம்பு எப்படித் தயாராகுமோ, அப்படிப் புலியே இல்லாதபோது தயாராகிவிடுகிறது. பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கும். மூச்சை வேகவேகமாக இழுப்பதால்தான் கை விறைக்கிறது. ஈசிஜி எடுத்தது நல்லது. தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒருமுறை பாருங்கள், அவையும் படபடப்பைக் கொடுக்கும்.

அடுத்த முறை வரும்போது எழுந்து ஓடாதீர்கள். பாதம் இரண்டும் தரையில் பட உட்காருங்கள். நாலு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுங்கள், ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், இதயத் துடிப்பைத் தணிப்பது அதுதான். கண் கடிகாரத்தில் இருக்கட்டும். இது அலை, ஏறும், இறங்கும் என்று வாய்விட்டே சொல்லுங்கள். வராத நேரத்திலும் தினம் ஐந்து நிமிடம் இதைப் பழகினால்தான் வந்த நேரத்தில் கைகொடுக்கும்.

ராத்திரி இரண்டு மணி வரை படிப்பு, நடுவில் போன், விழித்திருக்க டீ. இதுதான் உங்கள் நாள் என்று நினைக்கிறேன். பதினோரு மணிக்கு மூடிவிட்டு, போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். ஒரே அறை வீடென்றால் அலமாரிக்கு மேல். படித்தது மனதில் பதிவது தூக்கத்தில்தான். சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்கள் தெருப் பையன்களோடு பந்து விளையாடப் போங்கள். வியாசர்பாடியில் கால்பந்துக்கா பஞ்சம்!

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்தாலோ, வந்துவிடுமோ என்ற பயத்தில் வெளியே போவதையே தவிர்த்தாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் வெளிநோயாளிப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

“புட்பால் ஆடுறேன். புரோட்டீன் பவுடர் வாங்கணுமா?” – 17 வயது வாசகர், புளியந்தோப்பு

வேண்டாம். அந்தக் காசில் முட்டை வாங்கு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், மீன், பருப்பு, ஆட்டம் முடிந்து வேர்க்கடலை உருண்டை. போதும். தண்ணீரை மறக்காதே.

“என் வீட்டுக்காரர் குடோன்ல மூட்டை தூக்குறார். உடம்பு வலிக்குன்னு தினமும் குடிக்கிறார், பத்து வருஷமா. நாளைலேர்ந்து ஒரேயடியா நிறுத்த வைக்கலாம்னு இருக்கேன். சாப்பாட்டுல கலக்குற மருந்து நல்லதா?” – வாசகி, தண்டையார்பேட்டை

அம்மா, இரண்டும் வேண்டாம். தயவுசெய்து.

தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் அன்றே கை நடுக்கம், வியர்வை தொடங்கலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் போல, இல்லாததை இருப்பதாகப் பார்த்துப் பிதற்றும் நிலை வரலாம். அதில் உயிரே போகும். டாக்டர் மேற்பார்வையில், மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். தயமின் என்ற வைட்டமினும் சேர்த்துத் தருவார்கள், இல்லையென்றால் மூளை பாதிக்கப்படலாம். ஸ்டான்லிக்கோ, 1794-லிருந்து இயங்கிவரும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள்.

தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து அதைவிட ஆபத்து. அது உள்ளே இருக்கும்போது அவர் குடித்தால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கி மயங்கி விழலாம். அவர் சம்மதத்தோடு கொடுக்க வேண்டிய மருந்து அது.

வலி உண்மையானதுதான். நாள் முழுக்க மூட்டை சுமந்தவருக்கு இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? மூட்டையை உடம்போடு ஒட்டி, முட்டியை மடக்கித் தூக்கச் சொல்லுங்கள். வந்ததும் வெந்நீரில் குளியல், இடுப்புக்கு ஒத்தடம். சாராயம் தூங்க வைப்பது போலத் தெரியும், ஆனால் பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும். மறுநாள் வலி கூடத்தான் செய்யும். அவரைத் திட்டாமல், குடிக்காத நேரம் பார்த்து, வலிக்கு டாக்டரைப் பார்ப்போம் என்று கூப்பிடுங்கள். அப்படிக் கூப்பிட்டால் வருகிறார்கள்.

“மாமனாருக்கு 76 வயது. மாமியார் தவறி ஏழு மாதம் ஆகிறது. தினமும் பேப்பர் வாங்கப் போனவர் இப்போது கட்டிலை விட்டு இறங்குவதில்லை. பாதிச் சாப்பாடுதான். வயசானா அப்படித்தான், விடு என்கிறார்கள். விட்டுவிடலாமா?” – வாசகி, ராயபுரம்

விடாதீர்கள். வயதானால் நடை குறையும், வாழ ஆசை குறையாது. ஏழு மாதம் ஆகியும் சாப்பாடு, தூக்கம், பேச்சு மூன்றும் சுருங்குவது துக்கத்தையும் தாண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். முதலில் காது கேட்கிறதா, தைராய்டு, பி-12 சரியா, புதிதாக ஏதாவது மாத்திரை சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். எடை குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு ஒரு கேள்வியை நீங்களோ உங்கள் கணவரோ நேராகக் கேட்க வேண்டும்: “உயிரோட இருந்து என்னன்னு தோணுதா மாமா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருப்பதே ஆறுதல். ஆமாம் என்றால் தனியே விடாமல், அன்றைக்கே டாக்டரிடம் வாருங்கள்.

மாமியாரின் பேச்சை வீட்டில் மூடி மறைக்காதீர்கள். அவர் வைத்த குழம்பைப் பற்றி நீங்களே பேச்சை எடுங்கள். அழுதால் அழட்டும். சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாமல், எல்லோரோடும் உட்கார வையுங்கள்.

வீட்டில் பேப்பர் போடுகிறார்களென்றால் நிறுத்திவிடுங்கள். “பேப்பர் வாங்கிட்டு வாங்க மாமா” என்று சொல்லுங்கள். முதல் வாரம் பேரனோ பேத்தியோ கூடப் போகட்டும். அப்படியே ராபின்சன் பூங்கா வரை நடக்கட்டும். 1949-ல் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்த இடம் அது. அந்தக் காலத்து ராயபுரத்துக்காரருக்கு அங்கே உட்கார்ந்து சொல்ல ஆயிரம் கதை இருக்கும், கேட்க ஒரு பிள்ளை வேண்டும். காலை வெயிலும் முகத்தில் படும், அது தூக்கத்துக்கும் நல்லது.

மூன்று வாரம் பாருங்கள். சாப்பாடு கூடவில்லையென்றால் அழைத்து வாருங்கள். மருந்து தேவைப்படலாம், அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். வரும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.