பிசையக் கூடாத மாவு

அன்புள்ள ஐயா,

மகன் வீட்டுக்கு ஒஹாயோ வந்திருக்கிறேன். மருமகள் இந்த ஊர்ப் பெண். கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை அவள் அம்மா, அக்கா, பிள்ளைகள் எல்லோரும் கூடி 12 ஆப்பிள் பை (மைதா மாவு மூடிக்குள் ஆப்பிள் வைத்து ஓவனில் சுடுகிற பண்டம்) சுட்டு, அக்கம்பக்கத்தில் கொடுத்தார்கள். நானும் கூடமாட உதவலாமென்று மாவில் கை வைத்தேன். "பிசைய வேண்டாம் அம்மா" என்று மருமகள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். 40 வருஷமாகச் சப்பாத்திக்குப் பிசைந்த கை. மனசு சுருக்கென்றது. அரசாணிக்காயிலும் 2 பை செய்தார்கள். அதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. உங்களுக்குத் தெரியுமா?

வாசகி, கோவை

அன்புள்ள அம்மா,

'பை சுட்டார்கள்' என்று படித்ததும் போலீஸுக்குப் போகவேண்டிய விஷயமோ என்று ஒரு நிமிடம் பதறிவிட்டேன்.

மருமகள் மேல் தப்பில்லை. சப்பாத்தி மாவுக்கும் பை மாவுக்கும் ஏழாம் பொருத்தம். சப்பாத்திக்கு அழுத்திப் பிசையப் பிசைய மாவில் குளூட்டன் என்ற புரதம் சேர்ந்து இழுவை வரும். அப்போதுதான் கிழியாமல் தேய்க்கலாம். பைக்கு அந்த இழுவையே ஆகாது. ஜில்லென்ற வெண்ணெயைத் துண்டு போட்டு, விரல்நுனியால் மைதாவில் உதிர்த்து, ஐஸ் தண்ணீர் தெளித்து, ஒட்டியும் ஒட்டாமலும் சேர்த்து வைத்துவிட வேண்டும். எடைக்கு 3 பங்கு மைதா, 2 பங்கு வெண்ணெய், 1 பங்கு தண்ணீர் என்பது பழைய கணக்கு. தேய்க்கும்போது வெண்ணெய் அங்கங்கே பட்டாணி பட்டாணியாகத் தெரிந்தால் சரி. ஓவன் சூட்டில் வெண்ணெயிலுள்ள ஈரம் ஆவியாகி மாவை ஏடு ஏடாகப் பிரித்துவிடும். உள்ளங்கைச் சூட்டில் வெண்ணெய் இளகி மாவோடு கலந்துவிட்டால் ஏடாவது ஒன்றாவது! பென்சில்வேனியாவில் இருந்தபோது நான் இதெல்லாம் தெரியாமல் பரோட்டாவுக்குப் பிசைகிற மாதிரி அடித்துப் பிசைந்தேன். அந்தப் பையை வெட்ட அரிவாள்மனைதான் இல்லை.

அப்புறம் அந்த அரசாணிக்காய். (சென்னைக்காரர்களுக்கு: பரங்கிக்காய்.) அதில் முட்டையும் பாலும் சேர்வதால் கஸ்டர்ட் மாதிரிதான். சுட்டு எடுத்த 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போயாக வேண்டும். வாசலில் வைத்துவிட்டு வர முடியாது. ஆப்பிளில் சர்க்கரையும் புளிப்பும் இருக்கின்றன. வெளியில் 2 நாள் தாங்கும். ஊருக்குக் கொடுக்க அதுதான் தோது.

இத்தனை பேர் எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒரு பைக்கு 6, 7 ஆப்பிள் பிடிக்கும். பன்னிரண்டுக்குச் சுமார் எண்பது ஆப்பிளைத் தோல் சீவி, விதை நீக்கி, ஒரே கனத்தில் அரிய வேண்டும். தீபாவளிக்கு முறுக்குச் சுட சித்தி, பெரியம்மா எல்லாம் வந்து உட்காருவார்களே, அதே கதைதான். கடையில் வாங்கினால் மிச்சமாகும் நேரத்தில் இவர்கள் என்ன செய்வார்கள்? ஆளுக்கொரு போனைப் பார்ப்பார்கள்.

மாவை விடுங்கள். மேல்மூடி போட்டதும் ஓரத்தை மடித்து மடித்துக் கிள்ளி மூடுவார்கள், கவனித்தீர்களா? சாறு வழியாமல் இருக்க அந்த மடிப்பு. நம் வீடுகளில் சோமாசிக்கு ஓரம் மடிக்கிற அதே வேலை. அடுத்த முறை அந்தப் பக்கம் போய் உட்காருங்கள், யாரும் கிண்ணத்தை வாங்க மாட்டார்கள். பெட்டியில் ஒரு சோமாசிக் கரண்டியும் எடுத்துப் போங்கள். மேலே கம்பி கம்பியாகப் பின்னுவதற்கு மாவை வெட்ட அவர்களும் அதே பல்சக்கரத்தைத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் பித்தளையில் இருக்காது.