மாத்திரையை நிறுத்தினால் வலி கூடுகிறதே, டாக்டர்?

கேள்வி: வயது 46. பாம்பன் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறேன். மாதத்தில் பன்னிரண்டு நாள் பாசி, மீதி நாள் படுக்கை. நான்கு வருடமாக இடுப்பு வலி. குனிந்து மூட்டை தூக்கினால் பிடித்துக்கொள்கிறது, படுத்தால் தேவலாம். எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுங்கல். வீட்டுக்காரர் படகில் போட வாங்கிய டிரமடால் என்ற வலி மாத்திரையை இரவுக்கு ஒன்று என்று ஆரம்பித்தேன், இப்போது நாளைக்கு நான்கு. போடாவிட்டால் வலி கூடுகிறது. கொட்டாவி, மூக்கொழுகல், தூக்கமும் இல்லை. உப்புத் தண்ணீரா, வாயுவா, கிட்னியா? கால் விழுந்துவிடும் என்று மகன் ஒரு வீடியோ காட்டினான். மாமியார் மாதிரி நானும் படுக்கையில் விழுந்துவிடுவேனோ?

பதில்: விழ மாட்டீர்கள், அம்மா. வலியே இல்லாத 40 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும். தலை நரைக்கிற மாதிரி அது. உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, வாயு இடுப்பில் போய் உட்காராது. குனிந்தால் கூடி, படுத்தால் குறைகிற வலி கிட்னி வலியும் இல்லை. வீடியோக்காரருக்கு நீங்கள் பயந்தால்தான் பிழைப்பு. மகனை வேறு ஏதாவது பார்க்கச் சொல்லுங்கள்.

என் கவலை அந்த மாத்திரை அட்டைமேல்தான். டிரமடால் அபின் வகையறா. 2018-லேயே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதைச் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுத்த கடைக்காரரை என்ன சொல்ல! கொட்டாவி, மூக்கொழுகல், தூக்கமின்மை, அதோடு சேர்ந்து கூடுகிற வலி, எல்லாம் உடம்பு மாத்திரையைக் கேட்பதன் அடையாளம். நீங்களோ நோய் முற்றிவிட்டது என்று பயந்து இன்னொன்றைப் போடுகிறீர்கள். அதற்காக இன்றே எல்லாவற்றையும் தூக்கி எறியாதீர்கள். சட்டென நிறுத்தினால் படாத பாடு படுவீர்கள். அளவு கூடினால் வலிப்பு வரலாம். முங்கியிருக்கும்போது வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குறைத்து முடிக்கும்வரை முங்கப் போகாதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம், இதைப் படிப்படியாகக் குறைப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை. நடுவில் யாராவது டேபெண்டடால், பிரிகாபலின் மாதிரி வேறு வலி மாத்திரையை "இது பழகாது" என்று நீட்டினால் வாங்காதீர்கள், அவையும் பழகும்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன். காலைக்கடன் முடித்துக் கழுவும்போது தண்ணீர் படுவது தெரிகிறதா? அந்த இடத்தைச் சுற்றியும் உள்தொடையிலும் மரத்துப்போனால், சிறுநீர் முட்டியும் வராவிட்டால், அல்லது தெரியாமலே போய்விட்டால், இரண்டு காலும் சேர்ந்து பலமிழந்தால், முதுகெலும்பின் அடியில் இருக்கிற நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று அர்த்தம். இது அபூர்வம்தான். ஆனால் வந்துவிட்டால் மணிக்கணக்குதான். 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்பே, அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். பாம்பனிலிருந்து மதுரைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் 'விடியட்டும்' என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் தாமதமாக வருகிறார்கள். "இடுப்பு வலி" என்று மட்டும் சொன்னால் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். மரத்துப்போன இடத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்தால் காசநோய்க்கும் பார்க்க வேண்டும்.

மற்றபடி இந்த வலிக்கு வைத்தியம் அசைவுதான். மாதத்தில் பன்னிரண்டு நாள் பாசி, மீதி நாள் படுக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மீதி நாட்கள்தான் உங்கள் முதுகைக் கெடுக்கின்றன. கரையோரம் அரை மணி நேரம் நடங்கள். வலித்தாலும் நடக்கலாம், ஒன்றும் உடையாது. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி உண்டு; முதுகுக்கும் வயிற்றுக்கும் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள். ஈரப் பாசியை ஒரே மூட்டையாகக் கட்டாமல் இரண்டாகக் கட்டுங்கள். இடுப்பைத் திருகிக்கொண்டு தூக்காதீர்கள். பிடித்துக்கொண்ட நாளில் வெந்நீர் ஒத்தடம் போதும். டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரை தேவைப்பட்டால் டாக்டர் சொல்லி, சாப்பிட்ட பிறகு, சில நாட்கள் மட்டும். மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், அப்புறம் நீங்கள் பயந்த அந்தக் கிட்னியும் கெடும்.

போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். அதே அட்டையிலிருந்து அவர் நாளைக்கு எத்தனை போடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை.