ரசாயன ஆபத்தும் தன்னார்வ அமைப்புகளும்: டெல்லித் தமிழர்களின் கேள்விகள்

மயூர் விஹார் வாசகர்: சட்டம் போடுவது அரசு. இதில் தன்னார்வ அமைப்புகளுக்கு என்ன வேலை சார்?

எதைக் கவனிக்க வேண்டும் என்று அரசுக்குச் சுட்டிக்காட்டுவது பல நேரம் அவர்கள்தான். பொட்டாசியம் புரோமேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவு நன்றாக உப்புவதற்காகச் சேர்ப்பது. புற்றுநோய் வரவழைக்கக்கூடும் என்று ஐரோப்பா அதை 1990-லேயே விலக்கிவிட்டது. இங்கே அனுமதி தொடர்ந்தது. 2016 மே மாதம், டெல்லியில் இருக்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் (சிஎஸ்இ) இந்த ஊர்க் கடைகளில் வாங்கிய பிரெட், பன், பீட்சா என்று 38 மாதிரிகளைச் சோதித்தது. 84 சதவீதத்தில் புரோமேட்டோ, அதே வேலைக்குச் சேர்க்கும் பொட்டாசியம் அயோடேட்டோ இருந்தது. அடுத்த மாதமே புரோமேட்டுக்குத் தடை வந்தது. அதன் ஆபத்து விஞ்ஞானிகளுக்குப் பழைய செய்தி. காலையில் டோஸ்ட் போடும் பிரெட்டில் அது இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஊர் கேள்வி கேட்டது.

ஆர்.கே.புரம் வாசகி: வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம். கைக்குழந்தை இருக்கிறது.

டாக்ஸிக்ஸ் லிங்க் போன்ற அமைப்புகள் பல வருடம் பெயின்ட் டப்பாக்களை வாங்கிச் சோதித்து, ஈயத்தின் அளவை வெளியிட்டுக்கொண்டே இருந்தன. கடைசியில் 2016-ல் விதி வந்தது, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறை: 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் ஈயம் கூடாது. லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள் மேடம். மஞ்சள், சிவப்பு எனாமலில் கூடுதல் கவனம் தேவை. அதைவிட எனக்குக் கவலை, கதவு ஜன்னலில் இருக்கும் பழைய பெயின்ட். காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள், தூசி குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். வேலை முடிந்து ஈரத் துணியால் துடைக்கும் வரை குழந்தை வேறு வீட்டில் இருக்கட்டும்.

கரோல் பாக் வாசகர்: இந்த அமைப்புகளை எப்படி நம்புவது? பணம் எங்கிருந்தோ வருகிறதே?

தாராளமாகக் கேளுங்கள். எத்தனை மாதிரி, எந்த ஆய்வகம், யார் பணம்? கம்பெனி நிபுணரிடமும் இதையே கேட்க வேண்டும். 2003-ல் குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி இருப்பதாக சிஎஸ்இ சொன்னபோது நாடாளுமன்றக் கூட்டுக்குழுவே விசாரித்தது. 2004-ல் அந்த முடிவுகள் சரி என்றது. முறையை ஒளிக்காமல் வைத்ததால்தான் அது தாங்கி நின்றது.

மயூர் விஹார் வாசகர்: நாங்கள் என்ன செய்யலாம்?

சுற்றுச்சூழல் விதிகளின் வரைவு அரசிதழில் வந்தால் பொதுவாக 60 நாள் கருத்துச் சொல்லலாம். கம்பெனிகள் தவறாமல் எழுதுகின்றன. குடியிருப்போர் சங்கம் எழுதுவது அபூர்வம். ஒரு பக்கம் போதும், எந்தப் பிரிவில் எந்த அளவு மாற வேண்டும், ஏன் என்று எழுதுங்கள்.