அமெரிக்காவில் 11ஆம் வகுப்பு படிக்கும் மகள் ப்ரீஸ்கூல் ஆசிரியை ஆகணும் என்கிறாள். பள்ளி முடிவதற்குள் என்ன செய்து வைக்கலாம்?

11ஆம் வகுப்பிலேயே கேட்டீர்களே, நல்லது. பலர் பட்டமளிப்பு விழாவுக்கு முந்தின மாதம்தான் விசாரிக்கிறார்கள்.

சின்னக் குழந்தைகளுக்குக் கற்பிப்பவர்களுக்கான சிடிஏ (சைல்ட் டெவலப்மென்ட் அசோசியேட்) சான்றிதழைக் குறி வையுங்கள். 1975 முதல் இருப்பது. ஹைஸ்கூலில் குழந்தைக் கல்விக்கான தொழிற்பிரிவில் சேர்ந்திருந்தால், 11, 12ஆம் வகுப்பில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். அந்தப் பிரிவு இல்லையென்றால் ஹைஸ்கூல் முடித்த டிப்ளமா கைக்கு வரவேண்டும்.

வகுப்புப் பயிற்சி 120 மணி நேரம். 8 பாடப்பகுதிகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 மணி. கணக்கு இடிப்பது இங்கேதான். குழந்தை வளர்ச்சி பற்றி நாற்பது மணி சேர்ந்திருக்கும். கவனித்துப் பதிவு செய்வதிலும் மைய நிர்வாகத்திலும் ஆறேழு மணியோடு நின்றிருக்கும். மொத்தம் 150 வந்தாலும் செல்லாது. ஆசிரியரிடம் பகுதிவாரியாக எழுதி வாங்குங்கள்.

அடுத்தது குழந்தைகளோடு 480 மணி நேர வேலை. பள்ளியோடு இணைந்த ப்ரீஸ்கூலில் தினம் 90 நிமிடம் என்றால், 180 பள்ளி நாளுக்கு 270 மணிதான். மீதி 210 மணிக்கு, கோடையில் வாரம் 30 மணி வீதம் ஏழு வாரம் வேண்டும். வாரக் கடைசியிலேயே மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடட்டும். அவர் வேலை மாறிப்போனால் பழைய மணிக்கு யார் சாட்சி? சிடிஏவின் ப்ரீஸ்கூல் பிரிவுக்கு 3 முதல் 5 வயதுக் குழந்தைகளோடு வேலை செய்திருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு உதவியது, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டது எல்லாம் சேராது. 18 வயது ஆகாதவரைக் குழந்தைகளோடு தனியாக விடப் பல மாநிலங்களில் அனுமதியில்லை என்பதால் டேகேர்கள் தயங்கும். பின்னணிச் சோதனைக்கும் நாள் பிடிக்கும். மார்ச்சிலேயே கேட்கத் தொடங்குங்கள்.

அடுத்தது போர்ட்ஃபோலியோ, அதாவது அவள் வேலையைக் காட்டும் தொகுப்புக் கோப்பு. அதில் பெற்றோர் கேள்வித்தாள்கள், முதலுதவிச் சான்று, செயல்பாட்டுத் திட்டங்கள் எல்லாம் இருக்கும். கூடவே ஆறு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 500 வார்த்தைக்குள். பதினேழு வயதுக்காரர்கள் சறுக்குவது எழுத்தில்தான். "ரவி பிடிவாதம் பிடித்தான்" என்று எழுதினால் அது தீர்ப்பு. "10:15. ரவி சிவப்புக் கட்டையை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்து, 'என்னுது' என்று இரண்டு முறை சொன்னான், மீரா கை நீட்டியதும் திரும்பி உட்கார்ந்தான்" என்றால் அது பதிவு. தினம் ஐந்து நிமிடம் இப்படி எழுதிப் பழகட்டும். இணையத்தில் விற்கும் ரெடிமேட் போர்ட்ஃபோலியோ பக்கம் போகவே வேண்டாம். சிடிஏவுக்காக அவளை மதிப்பிட நேரில் வரும் நிபுணர் போர்ட்ஃபோலியோவைப் படித்துவிட்டு, அவள் வகுப்பு நடத்துவதைப் பார்த்து, பிறகு உட்கார்ந்து பேசுவார். அடுத்தவர் எழுதியது அப்போது தெரிந்துவிடும்.

நிபுணர் வரும் அந்த ஒரு நாள் அவளே முதன்மை ஆசிரியையாக வகுப்பை நடத்த வேண்டும். ப்ரீஸ்கூல் என்றால் குறைந்தது 8 குழந்தைகள். பொருட்களை எடுத்து வைக்க மட்டும் விடும் மையம் இதற்கு உதவாது. வேலைக்குச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். தேர்வு 65 கேள்விகள், ஒன்றே முக்கால் மணி நேரம். மற்றதை ஒழுங்காகச் செய்தவளுக்கு அது பெரிதாக இருக்காது.

"ஆயா வேலைக்கா அமெரிக்கா போனீர்கள்" என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு: சம்பளம் குறைவு என்பதை நான் மறைக்கவில்லை. 2023இல் குழந்தைப் பராமரிப்பாளரின் இடைநிலை (மீடியன்) சம்பளம் மணிக்கு 14.60 டாலர். ஆனால் தன் குழந்தைக்கு டேகேரில் இடம் கிடைக்க வரிசையில் நிற்பவரும் நீங்கள்தான். வாரம் முழுக்க நாலு வயதுக்காரர்களின் அடம், அழுகை, ஆய் எல்லாம் பார்ப்பவரை ஆயா என்று இளப்பமாகச் சொல்லும் பழக்கம் கடல் தாண்டியும் போகவில்லை.

சிடிஏவோடு நிற்கவும் வேண்டியதில்லை. வருமானம் குறைந்த குடும்பங்களின் குழந்தைகளுக்கு அரசு நிதியில் நடக்கும் ஹெட் ஸ்டார்ட் மையங்களில் உதவி ஆசிரியர் வேலைக்கு அதுவே போதும். சில கம்யூனிட்டி காலேஜ்கள் அதைப் பட்டப் படிப்புக்கான கிரெடிட்டாக (படிப்பு மதிப்பாக) எடுத்துக்கொள்கின்றன. எத்தனை என்று சேரும் முன் எழுத்தில் வாங்குங்கள். சான்றிதழ் 3 வருடம்தான் செல்லும், புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.