பெருநகரத்துக்கு பைக்கோடு போகலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. 18 வயதிலிருந்து பைக் ஓட்டுகிறேன். சின்ன ஊர், பழகிய சாலை. இதுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அடுத்த மாதம் வேலை மாறி ஒரு பெருநகரத்துக்குப் போகிறேன். தங்கப்போகும் இடத்திலிருந்து அலுவலகம் 9 கிலோமீட்டர். ஐந்து வருடமாக ஓட்டும் 150 சிசி வண்டியையே கொண்டுபோகவா, அதை விற்றுவிட்டு இன்னும் பவர் உள்ளதாக வாங்கவா? ‘சிட்டி டிராபிக்கில் துணிந்து புகுந்து ஓட்டினால்தான் பிழைக்க முடியும்’ என்கிறார்கள் நண்பர்கள். அம்மாவோ வண்டியே வேண்டாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: வண்டியை விற்காதீர்கள், தம்பி. அதன் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும், முன்பிரேக்கை எவ்வளவு அழுத்தினால் எங்கே போய் நிற்கும் என்பதெல்லாம் இந்த ஐந்து வருடத்தில் உங்கள் விரல்களுக்கே தெரிந்திருக்கும். புது ஊர், புது வண்டி இரண்டையும் ஒரே மாதத்தில் பழகப் போகாதீர்கள். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியர் இருந்தார். அவருடைய குழு லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களுக்குச் சாலையில் பைக் ஓட்டிய அனுபவம் ஏறக்குறைய மூன்று வருடம். ஆனால் அவர்களில் பாதிப் பேருக்கு மேல், விழுந்த அந்த வண்டியைக் கையில் எடுத்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பழைய ஆய்வுதான். இருந்தாலும் பைக் விபத்து பற்றிப் பேசுகிறவர்கள் இன்னமும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

பவர் விஷயமும் அப்படித்தான். நெரிசலில் ஊர்ந்து போகும்போது பெரிய இன்ஜினால் கிடைக்கிற பலன், தொடையில் அடிக்கிற சூடு ஒன்றுதான்.

இனி நண்பர்கள் சொன்ன துணிச்சல். அதே அறிக்கையில் இன்னொரு செய்தி இருக்கிறது. பைக்கும் வேறொரு வண்டியும் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில் தப்பு அந்த வேறொரு வண்டியின் பக்கம். வழிவிட வேண்டியவர் விடவில்லை. கேட்டால் ‘பைக் வந்ததையே நான் பார்க்கவில்லை’ என்பார். அது பெரும்பாலும் பொய்யில்லை. சந்திப்பில் தலையை இருபுறமும் சட்டென்று திருப்பிப் பார்க்கும்போது, கண் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குத் தாவுகிறது. தாவுகிற அந்தக் கணத்துக் காட்சியை மூளை வாங்கிக்கொள்வதில்லை. லாரி என்றால் எப்படியும் கண்ணில் பட்டுவிடும். ஒல்லியான பைக் அந்த இடைவெளியில் விழுந்து காணாமல் போகும். போதாததற்கு, காரின் முன்கண்ணாடி ஓரத்தில் கூரையைத் தாங்குகிற தூண் ஒரு பைக்கை முழுசாக மறைத்துவிடும். அப்படியே கண்ணில் பட்டாலும், உருவம் சிறியதாக இருப்பதால் தூரத்தில் மெதுவாக வருவதுபோல் தோன்றும். நீங்கள் எவ்வளவு துணிச்சலாகப் புகுந்தால் என்ன, கண்ணிலேயே படாதவனுக்கு யார் வழிவிடப்போகிறார்கள்?

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் வண்டியை நிறுத்திவிட்டு பஸ்ஸில் போங்கள். முன்னால், ஓட்டுநர் பார்க்கிற சாலை உங்களுக்கும் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள், இடமில்லையென்றால் நில்லுங்கள். நான் நகரத்துக்கு வந்த புதிதில் அப்படி ஒருநாள் நின்றுகொண்டிருந்தேன். சிக்னலில் பஸ்ஸின் மூக்குக்கு அடியில் ஒரு சிவப்பு ஹெல்மெட் வந்து நுழைந்தது. நின்றுகொண்டிருந்த எனக்கே அதன் உச்சிதான் தெரிந்தது. அவர் பைக்கை இன்னும் கொஞ்சம் ஒடித்ததும் அதுவும் மறைந்துவிட்டது. பச்சை விழுந்தது. ஓட்டுநர் கியரைப் போட்டு நகர்த்தினார். அடியிலிருந்து ஹாரன் அலறியது, பிரேக் விழுந்தது, நின்றவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம். பைக்காரர் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டித் திட்டிக்கொண்டே போனார். அவரைக் கேட்டால், பஸ்ஸுக்கு நேர் முன்னால், ஊரே பார்க்கிற இடத்தில்தான் நின்றேன் என்பார். இதை மேலேயிருந்து ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் பெரிய வண்டியின் மூக்குக்கு அடியில் போய் நிற்கவே மனசு வராது. லாரியின் பக்கவாட்டிலும் இதே கதைதான். அது திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அங்கே பைக் நுழைய இடம் இருப்பதுபோல் ஆசை காட்டும். அந்த இடத்துக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள்.

பஸ்ஸில் போகும் நாட்களிலேயே உங்கள் பாதையும் மனப்பாடமாகிவிடும். எந்தச் சிக்னலில் எந்த வரிசை திரும்புகிறது, எந்த நிறுத்தத்தில் ஆட்கள் ஓடிவந்து குறுக்கே விழுகிறார்கள், எங்கே தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம். பிறகு ஒரு விடுமுறை நாள் விடியற்காலையில், சாலை காலியாக இருக்கும்போது, அந்த 9 கிலோமீட்டரையும் பைக்கில் இரண்டுமுறை போய்வந்து பாருங்கள். வழி தேடுகிற கண்ணுக்குச் சாலை தெரியாது.

வண்டியை எடுக்கத் தொடங்கியதும் மிகவும் கவனிக்க வேண்டியது சந்திப்புகள். எதிரே வந்து உங்களுக்குக் குறுக்கே திரும்பக் காத்திருக்கும் கார்தான் எல்லாவற்றிலும் மோசம். அதன் ஓட்டுநர் உங்கள் முகத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். நம்பாதீர்கள், அவர் உங்களைத் தாண்டி வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பார். காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள். கார் நகர்வது முதலில் அங்கேதான் தெரியும். நெருங்கும்போது ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, இரண்டு விரலை முன்பிரேக் மேல் வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்தால் உங்கள் வரிசைக்குள்ளேயே கொஞ்சம் பக்கவாட்டில் நகருங்கள். நேராக வரும் பைக் பின்னணியோடு கரைந்துவிடும். குறுக்காக அசைவது கண்ணை இழுக்கும்.

விரலை பிரேக்மேல் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹர்ட் குழுவின் கணக்குப்படி, ஆபத்து தெரிந்ததற்கும் மோதலுக்கும் நடுவே ஓட்டுபவருக்குக் கிடைப்பது இரண்டு நொடிக்கும் குறைவு. அதற்குள் விபத்தில் சிக்கியவர்கள் செய்த வழக்கமான தப்பு, பின்பிரேக்கை மிதித்துப் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டது, முன்பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காமல் விட்டது. அவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, வீட்டார், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். நீங்களும் அப்படித்தான் கற்றிருப்பீர்கள், நானும் அப்படித்தான். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. அப்போது சாலையை இறுகப் பிடித்திருப்பது முன்டயர்தான். ஆகவே காலியான ஒரு மைதானமோ வாகனம் வராத ஒரு தெருவோ பார்த்து, 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முன்பிரேக்கை ஒரேயடியாகப் பிடுங்காமல் பிழிந்து பிழிந்து இறுக்கி நிறுத்திப் பழகுங்கள், கூடவே பின்பிரேக்கும். உங்கள் வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் அமைப்பு) இருந்தால் அது வேலைசெய்யும்போது லீவர் எப்படித் துடிக்கும் என்பதையும் அங்கேயே உணர்ந்துகொள்ளுங்கள். முதல்தடவை அது நடுச்சாலையில் துடித்தால் பயந்து விட்டுவிடுவீர்கள்.

வேகம் பற்றி ஒரு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டரில் நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறீர்கள். ஆபத்தைக் கண்டு கை அசைய ஒரு நொடி, பிறகு நல்ல காய்ந்த சாலையில் நிற்க 9 மீட்டர். மொத்தம் 20 மீட்டர். 60-ல் இதுவே ஏறக்குறைய 37 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் நிற்கும் தூரம் இரட்டிப்புக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. லாபம்? உங்கள் 9 கிலோமீட்டருக்குக் காகிதத்தில் நாலரை நிமிடம். நடைமுறையில் அந்த நாலரையையும் சிக்னல் தின்றுவிடும். உங்களை விருட்டென்று முந்திப் போனவரை அடுத்த சிக்னலில் பக்கத்திலேயே பார்ப்பீர்கள். வீட்டிலிருந்து இருபது நிமிடம் முன்னால் கிளம்புங்கள், இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது.

நின்றுகிடக்கும் கார்களுக்கு நடுவே புகுந்து போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சில இடங்களில் சட்டம் அனுமதிக்கிறது, சில இடங்களில் குற்றம். போகிற நகரத்தின் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி உள்ள கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் சொன்னது: சுற்றியுள்ள வண்டிகளைவிட பைக்கின் வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் கூடாதவரை ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு. என்னைக் கேட்டால் அதில் பாதி போதும். நிற்கிற காரின் கதவு எந்த நேரமும் திறக்கலாம். ஓரமாக நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிப் போகும்போதும் ஒரு கதவு அகலத்துக்கு விலகிப் போங்கள்.

சிறு ஊரில் யாரும் கற்காத ஒரு வித்தை, நடக்கிற வேகத்தில் கால் ஊன்றாமல் ஓட்டுவது. வேகமாக ஓட்டுவதைவிட இது கஷ்டம். கண் தூரத்தில் இருக்க வேண்டும், முன்பிரேக்கைத் தொடக்கூடாது, பின்பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே கிளட்ச்சைப் பாதியில் வைத்து நகர்த்த வேண்டும். அதே சமயம் சோம்பலில் எந்நேரமும் ஹாஃப் கிளட்ச்சிலேயே ஓட்டினால் பிளேட் தேய்ந்துபோகும். நீண்ட சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து இன்ஜினை அணைத்துவிடுங்கள். காற்றால் குளிரும் இன்ஜினுக்கு நின்றுகொண்டிருக்கும்போது காற்றே கிடையாது. ஆனால் பின்னால் ஒரு வண்டி வந்து நிற்கும்வரை கியரிலேயே இருங்கள், கண் கண்ணாடியில் இருக்கட்டும். நிற்காமல் வருகிறவன் வந்தால் விலகி ஓட வேண்டுமே.

மழை பெய்தால்: நீண்ட நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் தூறல்தான் மோசம், எண்ணெயும் தூசியும் குழைந்து சாலை வழுக்கும். சாலையில் பூசிய வெள்ளைக்கோடு, பாதாளச் சாக்கடை மூடி, இரும்புத் தகடு எல்லாமே ஈரத்தில் சோப்புதான். தண்டவாளத்தைக் கடக்கும்போது முடிந்தவரை நேர்குறுக்காகக் கடங்கள்.

ஹெல்மெட் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் இந்தப் பத்தி எழுதுவதற்கே லாயக்கில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வின்படி, ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. வாரைப் பூட்டிக்கொண்டு பின்விளிம்பைப் பிடித்து முன்னால் இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் தலைக்கானது இல்லை. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் தூக்கிப் போடுங்கள், உள்ளே நசுங்கிய தெர்மோகோல் மறுபடி உப்பாது. 1935 மே மாதம் இங்கிலாந்தில் டி. ஈ. லாரன்ஸ் என்ற புகழ்பெற்ற ராணுவ அதிகாரி, சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களுக்காக பைக்கை ஒடித்து விழுந்து, ஆறு நாள் கழித்து இறந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. அவருக்கு சிகிச்சை செய்தவர்களில் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர்தான் பிறகு பைக் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் எழுதினார். ராணுவ பைக் ஓட்டிகள் ஹெல்மெட் அணிவதற்கு வழிவகுத்தது அவர் வேலைதான். லாரன்ஸ் விழுந்தது நகர நெரிசலில் இல்லை, அவர் வீட்டருகே இருந்த, அவருக்கு நன்றாகப் பழகிய கிராமத்துச் சாலையில். உங்கள் கடிதத்தில் ‘பழகிய சாலை’ என்று படித்ததும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார்.

போனை ஹேண்டில்பாரில் மாட்டி மேப் பார்க்கிறீர்களா? பெரிய இன்ஜின்களின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. கேமரா போகட்டும், திரையைப் பார்க்கிற ஒரு நொடியில் 11 மீட்டர் போய்விடுகிறதே. வழி தெரியவில்லையென்றால் ஓரம் கட்டுங்கள்.

பூட்டு இரண்டு வேண்டும், அதில் ஒன்றாவது அசையாத கம்பம் எதிலாவது வண்டியைப் பிணைப்பதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பூட்டோடு தூக்கிப்போக ஆட்கள் இருக்கிறார்கள். சக்கரத்தின் பிரேக் தட்டில் மாட்டுகிற டிஸ்க் லாக் போட்டால் அது போட்டிருப்பதை நினைவூட்ட ஹேண்டில்பாரில் ஒரு பளிச்சென்ற கயிறு கட்டுங்கள். கட்டாமல் ஒருநாள் அவசரமாகக் கிளம்பி, அலுவலக வாசலில் எல்லோரும் பார்க்க வண்டியோடு சாய்ந்தவன் சொல்கிறேன்.

கடைசியாக அம்மா. வண்டியே வேண்டாம் என்கிறவரிடம் வாதாடாதீர்கள். கிளம்பும் முன் ஒரு போன் செய்யுங்கள், சேர்ந்ததும் ஒரு போன். நடுவே அழைத்தால் எடுக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லி, ஒரு வாரம் அப்படியே நடந்துகொள்ளுங்கள். எடுக்காவிட்டால் ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று அவருக்குப் பழகிவிட வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் நிஜ நேரத்தைவிட அரைமணி கூட்டிச் சொல்லுங்கள்.